இரண்டு கம்பெனி, ஒரு கம்பம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரே அலுவலகத்தில் இரண்டு கம்பெனிகளின் இணைய இணைப்பை வைத்தால், ஒன்றுக்கு இன்னொன்று இருப்பது தெரிந்துவிடும், தெரிந்ததும் இரண்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யாது என்று நான் நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில். கல்லூரிப் படிப்பு முடித்தவன். கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிற ஆளும் அல்ல.

இந்த நம்பிக்கையை எனக்குக் கற்றுக்கொடுத்தது தி. நகர். ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்து ஜவுளிக்கடைக்குள் நுழைந்து பாருங்கள். "வாங்க, வாங்க" என்று எழுந்தவருடைய கண் பைக்குப் போகும். அதற்குப் பிறகு அவர் எடுத்துப் போடுகிற புடவையிலேயே ஒரு சோர்வு தெரியும். அதனால் என் மனைவி முதல் கடைப் பையை நாலாக மடித்துத் தன் தோள்பைக்குள் திணித்துக்கொண்டுதான் இரண்டாவது கடைக்குள் கால் வைப்பாள். இருபத்தைந்து வருடமாக இதைப் பார்த்து வந்தவன் நான். வியாபாரம் என்றால் இப்படித்தான் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆகவே இரண்டாவது இணைப்பு வந்த அன்று அதன் பெட்டியை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். கம்பி நுழைய பீரோவின் முதுகில் ஓட்டையும் போட்டேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் என் பயம் புரியும். கோயமுத்தூரில் ஆறு கிளைகள் வைத்திருக்கும் ஒரு பல் மருத்துவமனைக்கு யாராவது போன் போட்டால், அது மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து உள்ளே வளையும் ஒரு சந்தில், பழைய வீடொன்றின் தரைத்தளத்தில் அடிக்கும். நாங்கள் எடுத்து, எந்தப் பல், எத்தனை நாளாக வலி, எந்தக் கிளை பக்கம் என்று கேட்டு நேரம் குறித்துக் கொடுப்போம். போன் வருவதும் இணையத்தில்தான், நேரம் குறிப்பதும் இணையத்தில்தான். மூன்று பெண்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மூன்று குடும்பமும் என் குடும்பமும் அந்த ஒரே மருத்துவமனையை நம்பித்தான். வேறு வாடிக்கையாளர் கிடையாது. நான் பிடிக்கப் போன இரண்டு பேரும் என் நகைச்சுவையைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

மூவரில் மூத்தவள் சைதாப்பேட்டைக்காரி. போனை எடுத்தால் கோவைக்காரர்கள் காதுக்கு அவள் கோவைக்காரி. "சொல்லுங்க, மேல் பல்லுங்களா, கீழ்ப் பல்லுங்களா?" என்று தேன் ஒழுகும். வைத்த மறு நொடி என் பக்கம் திரும்பி, "சார், அந்தாளுக்குப் பல்லு இல்ல, வாயே ரிப்பேரு" என்பாள்.

பல்வலிக்காரருக்குப் பொறுமை இருக்காது. நாம் "வணக்கம்" சொல்லி, அவர் காதில் "க்கம்" மட்டும் விழுந்தால், வலியையும் சேர்த்து நம் மேல் கொட்டுவார். அப்படிக் கொட்டியவர்களில் யாரோ மருத்துவமனை வரைக்கும் போய்க் கொட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் அங்கிருந்து நிர்வாகியே அழைத்தார். கோவைக்காரர்கள் திட்டும்போதுதான் அதிகம் பயமாக இருக்கும். அவ்வளவு மரியாதை.

"ஏனுங்க சார், காலைல மறுபடியும் போன் போயிருச்சுங்களே?"

"சின்னத் தடங்கல்ங்க, உடனே சரி பண்ணிட்டோம்."

"சரிங்க. ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்குதுங்க. அதுக்குள்ள ஒரே ஒரு தடவ, காலை நேரத்துல பத்து நிமிஷத்துக்கு மேல போன் படுத்துதுன்னா, பெங்களூர் கால் சென்டர்க்காரங்களுக்குக் குடுத்துருவோமுங்க. ரெண்டு கம்பெனி லைன் வாங்கிப் போட்டுக்கோங்க. நல்லா இருக்கீங்களா? வீட்ல சௌக்கியமுங்களா?"

அந்தச் சௌக்கியத்தைக் கேட்டதும் அன்றே இன்னொரு கம்பெனிக்குப் போன் போட்டேன்.

அப்படித்தான் இரண்டாவது கம்பெனி வந்தது. எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் போய் ஒரு சின்னப் பெட்டியும் வாங்கி வந்தேன். இரண்டு லைனையும் அதில் செருகிவிட்டால், ஒன்று படுத்தால் மற்றொன்றுக்குத் தானே தாவிக்கொள்ளும். இரண்டும் நன்றாக இருந்தால் போன் ஒன்றிலும் பதிவு வேலை இன்னொன்றிலுமாகப் பிரிந்து ஓடும், குரல் விட்டு விட்டு வராது. விற்றவர் அழகாக விளக்கினார். நான் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே பீரோ சாவி எங்கே என்று யோசித்தேன்.

ஒரு வாரத்துக்குள் முதல் கம்பெனி லைன் தடுமாறியது. புகார் செய்தேன். ஆரஞ்சு நிறச் சட்டையில் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், இடுப்பில் ஒரு கருவிப் பை, காதில் சொருகிய பென்சில். எங்கள் வட்டாரத்துக்கு லைன் பார்க்கிறவர். புதிதாகக் கம்பி இழுத்துவிட்டுப் போனவர்கள் வேறு ஆட்கள், அதனால் இவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். அவர் பெட்டியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் பீரோவின் மேல் சாய்ந்து நின்றேன். சாவித் துவாரம் வழியே பச்சை விளக்கு மின்னியது. அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினேன். அவர் ஒரு முறை பீரோவைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார், பையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

சைதாப்பேட்டைக்காரி ஹெட்போனை ஒரு காதிலிருந்து இறக்கினாள். "இன்னா சார், பீரோவ கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க? உள்ள யாருனா கீறாங்களா?"

நாலு நாளில் இரண்டாவது கம்பெனி லைன் தினம் பதினோரு மணிக்குப் படுக்க ஆரம்பித்தது. புகார் செய்தேன். இப்போது அந்தக் கம்பெனி ஆள் வருவார். நான் முன்யோசனைக்காரன். பீரோவிலிருந்து அவர்கள் பெட்டியை எடுத்து மேஜை மேல் நடுநாயகமாக வைத்தேன். முதல் கம்பெனிப் பெட்டியை பீரோவுக்குள் தள்ளிப் பூட்டினேன். கதவைத் தட்டும் சத்தம். நீலச் சட்டை. காதில் பென்சில். அதே ஆள்.

"இன்னா சார்," என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "இன்னைக்கு அதுவா உள்ள?"

மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் கோவைக்காரர்களை மறந்து சிரித்தார்கள்.

"ரெண்டுத்தையும் வெளிய வெய்யி சார். இரும்புக்குள்ள வெச்சா கொதிக்குது. கொதிச்சா நிக்குது. அதுக்குத்தான் தெனம் பதினோரு மணிக்கு படுத்துக்குது. இதுங்க இன்னா, ஓரகத்திங்களா, ஒண்ண ஒண்ணு பாத்துக்கக் கூடாதுன்றதுக்கு?"

புத்தியுள்ளவன் நன்றி சொல்லியிருப்பான். நான் டீகூடச் சொல்லவில்லை. என் மூளை வேறு பக்கம் ஓடிவிட்டது. இரண்டு கம்பெனிக்கும் ஒரே ஆளா? தேர்தலன்று ஒரே மனிதர் காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் எதிர்க்கட்சிக்கும் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தால் நாம் சும்மா விடுவோமா? இவர் ஒன்றை அறுத்து இன்னொன்றை வாழ வைக்கிறாரா, அல்லது இரண்டையும் மாற்றி மாற்றி நோகடித்து மூன்றாவதாக எதையோ விற்கப் பார்க்கிறாரா?

அன்று ஒரு நோட்டுப் போட்டேன். எந்த லைன், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் அவர் என்ன நிறச் சட்டையில் எங்கே தென்பட்டார். பேனாவும் பயமும் கையில் இருந்தால் எதிலும் ஒரு ஒழுங்கு தெரியும். ஆரஞ்சுச் சட்டை நாளில் நீல லைன் திணறியது. நீலச் சட்டை நாளில் ஆரஞ்சு திணறியது. இரண்டும் ஒழுங்காக ஓடிய நாட்களும் இருந்தன. அவற்றின் எதிரே "நடிக்கிறான்" என்று எழுதினேன். பெட்டிகள் வெளியே வந்த பிறகு பதினோரு மணிப் படுக்கை நின்றுபோயிருந்ததை நான் எங்கேயும் எழுதவில்லை. அது என் வழக்குக்கு உதவாது.

அடுத்த கட்டம், கம்பியைத் தொடர்ந்து போவது. ஒரு மதியம் எங்கள் மொட்டை மாடியிலிருந்து கிளம்பும் இரண்டு கறுப்புக் கம்பிகளையும் அண்ணாந்து பார்த்தபடியே தெருவில் நடந்தேன். மாட வீதி முனையில் ஒரு பூக்கூடையில் கால் வைத்தேன்.

"மேல இன்னாய்யா, சாமி தெரியுதா?" என்றார் பூக்கார அம்மா. "கீய பாத்து நட. காலைல நூறு மொயம் கட்டிக்கீறேன்."

ஒரு முழத்தை வாங்கிக்கொண்டு சமாதானமாகி மறுபடி அண்ணாந்தேன். இரண்டு கம்பியும் வீதியைக் குறுக்கே தாண்டி, எதிர்ப் பக்கத்து ஒரே கம்பத்துக்குப் போயின. அங்கே பச்சை நைலான் கயிற்றால் இரண்டையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தது. மேஜையில் வேண்டாதவர்கள் மாதிரி நடித்தவை மேலே மணமேடையில் கைகோத்து நின்றன. போட்டோ எடுத்துக்கொண்டேன். அவரை டீக்கடையில் பிடித்தேன்.

"இது என்ன?" என்று போனை நீட்டினேன்.

"கம்பம்."

"ரெண்டு கம்பெனி லைனும் எப்படி ஒரே கம்பத்துல?"

"தெருவுக்குக் கம்பம் ஒண்ணுதான் நைனா. கம்பெனி எத்தினி இருந்தா இன்னா? ரோட்ல ரெண்டு பஸ் போச்சின்னா ரோடு ரெண்டாய்டுமா? கம்பம் சாஞ்சா ரெண்டும் சாயும்." டீயை ஒரு வாய் குடித்தார். "நெசமாவே ரெண்டு லைன் வோணும்னா ரெண்டு வழி வோணும் சார். ஒண்ணு முன்னால வந்தா ஒண்ணு பின்னால வரணும்."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் விளக்கியது கிடையாது. நான் நோட்டில் எழுதியது: "ஒப்புக்கொண்டான். பின்னால் எதையோ விற்கப் பார்க்கிறான்."

ஒப்பந்தத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. திங்கட்கிழமை அவராகவே அலுவலகத்துக்கு வந்தார். நாங்கள் புகார் எதுவும் செய்யவில்லை. சட்டையும் சொந்தச் சட்டை. அதுவே எனக்குக் கலக்கம்.

"சார், வெள்ளிக்கெயம காலைல ரெண்டு லைனும் இருக்காது. எட்டரை ஒம்போதுக்குப் பூடும். திரும்பி வர மத்தியானம் ஆய்டும். உங்களுக்குத்தான் காலைல நிறுத்த முடியாதே. அதுக்கு முன்ன பேசி ஒரு வழி பண்ணிக்கலாம்னு வந்தேன்."

மிரட்டுகிறவர்கள் இப்படித்தான் மெதுவாகப் பேசுவார்கள் என்று எனக்கு எல்லாப் படமும் சொல்லியிருக்கிறது. நாளைச் சொல்கிறார், மணியைச் சொல்கிறார், பேசித் தீர்க்கலாம் என்கிறார்.

"எனக்கு ஒரு வழியும் வேணாம்," என்றேன். நோட்டைத் திறந்தேன். "உன்னால ஆனதைப் பார்த்துக்கோ."

"இல்ல சார், வெள்ளிக்கெயம..."

"வெள்ளிக்கிழமை நானும் இருப்பேன். கேமராவும் இருக்கும்."

அவர் பெண்களைப் பார்த்தார். சைதாப்பேட்டைக்காரி, இந்த மனுசனை என்ன செய்வது என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினாள். அவர் போன பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"சார், வெள்ளிக்கெயம இன்னா நாள்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நம்மளைக் கவிழ்க்கிற நாள்."

"சர்தான்," என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "சொல்லுங்க, கடவாய்ப் பல்லுங்களா?"

புதன்கிழமை மின்சார அலுவலகத்திலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை காலை எங்கள் பக்கம் மின்தடை. அவனுக்கு அங்கேயும் ஆள் இருக்கிறது! இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அன்றும் மறுநாளும் அலுவலகத்தில் யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது. பெண்கள் மூவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நான் உள்ளே போனால் நிறுத்தினார்கள். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார மாமி, எந்நாளும் இல்லாத வழக்கமாக, எங்கள் ஜன்னல் பக்கம் இரண்டு முறை வந்து சைதாப்பேட்டைக்காரியிடம் பேசிவிட்டுப் போனார். அதையும் மணியோடு குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். கீழே பெண்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தெருவில் கூட்டம் இருந்தது. மேளச் சத்தம் கேட்டது. பங்குனி உற்சவம் நடப்பது எனக்குத் தெரியும், அடையாற்றிலிருந்து வருகிறவனுக்குத் தெரிகிற அளவுக்கு. அதாவது, ஸ்கூட்டரை லஸ் பக்கம் விட்டுவிட்டு நடக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த அலுவலகத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

ஒன்பது மணிக்கு மாமி மேலே வந்தார், பட்டுப்புடவையில்.

"என்ன சார், இங்கேர்ந்தே பாத்துடலாம்னு உக்காந்துட்டேளா? கீழ வந்தா நன்னா சேவிக்கலாமே. எதுக்கு இப்படி போனைத் தூக்கிண்டு, ஒளிஞ்சுண்டு?"

"ஒருத்தனைப் பிடிக்கணும் மாமி."

"இன்னிக்கா? நல்ல நாளும் அதுவுமா? சரி, உங்க பொண்கள் சொன்னாளோ? பின்னாடி ஆத்துக்காராகிட்ட நான் பேசி..."

"அப்புறம் மாமி, அப்புறம்!"

அந்த நேரம் பார்த்து எதிர்க் கம்பத்தில் ஏணியைச் சாய்த்தார்கள். ஏறியது ஆரஞ்சுச் சட்டை. கையில் கம்பி வெட்டும் கட்டர். பச்சை நைலான் கட்டை ஒரு கையால் பிடித்து, என் கண்ணெதிரே, என் கேமரா எதிரே, நறுக், நறுக். இரண்டு கறுப்புக் கம்பிகளும் பாம்பு மாதிரி விழுந்தன.

படியில் இறங்கினேனா உருண்டேனா தெரியாது. நீர்மோர்ப் பந்தலைச் சுற்றி, சிவப்புக் கயிறு கட்டிய தடுப்பைத் தாண்டி, ஏணியின் கீழே நின்ற போலீஸ்காரரிடம் போய் விழுந்தேன்.

"சார், அந்த ஆளைப் பிடிங்க! என் லைனை வெட்டறான்! ஆதாரம் இருக்கு!"

போலீஸ்காரர் மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"யோவ், உன்னுது மட்டுமா வெட்றாங்க? தெருவோடதே வெட்றாங்க. அங்க திரும்பிப் பாரு."

திரும்பினேன். வீதிக் கோடியில் வீட்டு மாடிகளுக்கும் மேலே, வெயிலில் மின்னிக்கொண்டு தேரின் உச்சி அசைந்து வந்தது.

"உன் வயருக்கு அடியில தேரு குனிஞ்சிக்கினா போவும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "வுடுங்க சார்," என்றது ஒரு குரல், "தேருக்கே ஸ்டே வாங்க வந்துகிறாரு." ஏணி மேலிருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த கம்பியை வெட்டிக்கொண்டிருந்தார்.

தேர் உயரமானது என்று எனக்குத் தெரியும். கம்பிகள் தாழ்வானவை என்றும் தெரியும், பூக்கூடையில் கால் வைக்கிற அளவுக்கு அவற்றை அண்ணாந்து பார்த்தவன். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்க்கத்தான் எட்டு மாதத்தில் நேரமில்லை. ஒவ்வொரு வருடமும் தேரன்று குறுக்கே போகிற கம்பியை எல்லாம் அறுத்து, தேர் தாண்டிய பிறகு மறுபடி கட்டுவார்களாம். மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார். மின்சாரத்தை நிறுத்துவதும் அதற்குத்தானாம். நான் எதுவும் கேட்காமலேயே ஒரு தம்ளர் கொடுத்தார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

தம்ளர் வாய்க்குப் போவதற்குள் ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. மணி ஒன்பது பத்து. இரண்டு லைனும் தெருவில் கிடக்கிறது. மத்தியானம்வரை போன் இல்லை. பத்து நிமிடமா, மூன்று மணி நேரம்! ஓடினேன்.

சந்துக்குள் நுழைந்து, அலுவலகத்துக்குப் போகும் பக்கவாட்டு நடையில் திரும்பினால், அங்கே ஒரு கம்பி. சாம்பல் நிறம், புத்தம் புதிது. பின் வீட்டு மதில் மேலிருந்து இறங்கி, மாமியின் செம்பருத்திக்குப் பின்னால் பதுங்கி வந்து, எங்கள் ஜன்னல் வழியே உள்ளே போயிருந்தது. நேற்றுச் சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அது அங்கே இல்லை.

ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் தெருவே சிரிக்க அவமானப்பட்டவன். இனி யாரையும் சந்தேகப்பட மாட்டேன் என்று வேறு யாராவது முடிவெடுத்திருப்பார்கள். எனக்குத் தோன்றியது: ஓகோ, விஷயம் இங்கே இருக்கிறதா! பின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் இணையத்தை உறிஞ்சுகிறார்கள். எங்கள் லைன் திணறியது எல்லாம் இதனால்தான். அதனால்தான் மாமி ஜன்னல் பக்கம் வந்து வந்து போனார். செடித் தொட்டியில் மாமி கிளை நறுக்குகிற கத்திரி செருகியிருந்தது. எடுத்தேன். நறுக்கினேன்.

ஜன்னலுக்கு உள்ளே மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் ஒலித்தன.

"ஹலோ?... ஹலோங்க?... கேக்குதுங்களா?... ஹலோ?"

அதுவரை அவர்கள் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சைதாப்பேட்டைக்காரி கழுத்தில் ஹெட்போன் தொங்க வெளியே வந்தாள். கத்திரியைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள்.

"இன்னா பண்ண நீ?" எட்டு மாதத்தில் 'சார்' இல்லாமல் அவள் என்னோடு பேசியது அதுதான் முதல் முறை.

"திருட்டு வயர்..."

"அது நம்புளுதுய்யா!" தலையில் கை வைத்தாள். "பின் வூட்ல வேற கம்பெனி லைன் கீது. அது பின் தெரு வழியா வருது, தேரு தாண்டாது, அங்க கரண்டும் போவாது. மாமி போயி அவங்களாண்ட கேட்டு வாங்கிக் குடுத்துச்சு. லைன்காரரு நேத்து நீங்க வூட்டுக்குப் போனதும் வந்து இத்த இஸ்துட்டுப் போனாரு. உங்க பொட்டில மூணாவதா ஒரு ஓட்ட சும்மாதான் இருந்திச்சு, அதுல சொருவிட்டாரு. முன்னால ரெண்டும் அறுந்தப்போ ஒரு போன் கட்டாவல. அய்யோ, ஒண்ணுகூட கட்டாவல!"

"என்கிட்டச் சொல்லித் தொலைக்கறதுதானே?"

"சொன்னா கேக்குற ஆளா? ஆளாளுக்கு வாயத் தொறந்தா நோட்டத் தொறக்குறீங்க. எங்க மூணு பேரையுமே ரெண்டு நாளா திருடிங்கள பாக்குற மாரி பாத்துக்கினு இருந்தீங்க." தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மணி பாருங்க. பத்து நிமிசம்னான் அந்தாளு. ஓடுங்க, லைன்காரர இட்டாங்க."

மறுபடி ஓடினேன், இந்த முறை அதே ஏணிக்கு.

"கொஞ்சம் இறங்கி வாப்பா," என்றேன் அண்ணாந்து.

"இன்னா சார், ஒரு போலீஸ் பத்தலயா?"

"நான்... ஒரு வயரை வெட்டிட்டேன்."

"எந்த வயரு?"

"பின்னாடி. சாம்பல் கலர்."

கீழே ஒரு ஆளைப் பார்த்து, "மச்சி, இத்தப் புடி, தேரு வர்றதுக்குள்ள வந்துட்றேன்" என்று கட்டரை நீட்டிவிட்டு இறங்கினார். "நான் பத்து வருசமா தேருக்கு மட்டும்தான் நல்ல லைன அறுக்குறேன். நீ மொதல் நாளே தொயில் கத்துக்கின." கூட்டம் தேரைப் பார்த்துக் கைகூப்பி நிற்க, நாங்கள் இருவரும் எதிர்த்திசையில் இடித்துக்கொண்டு ஓடினோம்.

நடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பியின் தோலை உரித்தார். உள்ளே எட்டு நிறத்தில் மெல்லிய இழைகள். ஒன்றொன்றாகப் பிரித்து, விரலால் நீவி, வரிசையாக அடுக்கினார். என்னைக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"ஆட்டாத சார். பச்சையும் நீலமும் மாறிச்சின்னா திரும்பவும் மொதல்லேர்ந்து."

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே சைதாப்பேட்டைக்காரி தன் சொந்த செல்போனில் கோயமுத்தூருக்குப் பேசுவது கேட்டது. தேர், மின்தடை, திருவிழாக் கூட்டம் என்று எத்தனையோ நல்ல பொய்கள் அன்று தெருவிலேயே கிடைத்தன.

"இல்லீங்க, தேரால இல்லீங்க. அதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டோமுங்க. எங்க சாருதாங்க, கத்திரிய எடுத்து வெட்டிட்டாருங்க. ஆமாங்க, எங்க சாரேதானுங்க. இல்லீங்க, நல்லாத்தான் இருக்காருங்க."

இழைகளின் நுனியில் புதிய கிளிப்பை மாட்டி, இடுக்கியால் ஒரு அழுத்து. கம்பியை உள்ளே இழுத்து, பெட்டியில் செருகினார். விளக்கு சிவப்பாக நின்றது. பிறகு விட்டு விட்டு எரிந்தது. பிறகு பச்சை.

"வணக்கமுங்க, சொல்லுங்க," என்றது ஒரு குரல். அடுத்து இன்னொன்று. அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டார். நான் கத்திரியைத் தொட்டியில் திரும்பச் செருகினேன். தேர் சந்து முனையைத் தாண்டிய சத்தம் கேட்டது. போய்ப் பார்க்கவில்லை.

மத்தியானம் சைதாப்பேட்டைக்காரியிடம் கேட்டேன். "தேருன்னே சொல்லியிருக்கலாமே? நம்பியிருப்பாங்க."

"சாமி மேல பழி போடச் சொல்றீங்களா?" என்றாள். "நீங்க கீறப்போ சாமி எதுக்கு?"

விட்டுப்போன அழைப்புகளை அன்றே மூவரும் திருப்பி அழைத்து நேரம் குறித்துக் கொடுத்தார்கள். வாரக் கடைசியில் மருத்துவமனைக்கு அனுப்பும் அறிக்கையைச் சைதாப்பேட்டைக்காரிதான் எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் என் பதவியை மட்டும் போட்டிருந்தாள். ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்கு நீட்டினார்கள். தேருக்காக அறுத்த இரண்டு லைன்களால் எங்கள் போன் அன்று ஒரு நொடிகூட நிற்கவில்லை. நின்றது எட்டு நிமிடம், நான் வெட்டிய மூன்றாவதால்.